சட்டமன்ற வாசலோடு நின்றுவிடும் இடஒதுக்கீடு: அமைச்சரவை அமைப்பும் தலித் பிரதிநிதித்துவமும்

2021 அக்டோபர் மாத இறுதியில், மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியில் தங்களுக்கு இடம் மறுக்கப்பட்டதாக நரிக்குறவர் சமூகப் பெண் ஒருவர் பேசிய காணொளி பரவியது. அக்டோபர் 29 அன்று இந்து சமய அறநிலையத்துறை அமைச்சர் பி.கே. சேகர்பாபு அதே கோயிலுக்கு வந்து, அப்பெண்ணுடன் ஒரே பந்தியில் அமர்ந்து உணவருந்தினார். நவம்பர் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பக்கத்திலுள்ள பூஞ்சேரிக்கு நேரில் சென்று, நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாக்களையும் சாதிச் சான்றிதழ்களையும் வழங்கினார். ஊடகங்கள் இதை நெகிழ்ச்சியான செய்தியாக்கின. பட்டா பெற்ற குடும்பங்களுக்கு அது மெய்யான பலன். அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

ஆனால் அந்நிகழ்வைக் கோப்புகளின் வழியே பார்த்தால் வேறொரு படம் தெரியும். பந்தியில் யார் அமரலாம் என்பது அறநிலையத்துறையின் பொறுப்பு. பட்டா வருவாய்த்துறையினுடையது. சாதிச் சான்றிதழும் வருவாய்த்துறையினுடையதே. சாலையும் குடிநீரும் உள்ளாட்சித்துறையின் கையில். ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை என்று தனியாக ஒன்று இருக்கிறது. அன்று பூஞ்சேரிக்குத் தேவைப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் அத்துறைக்குக் கிடையாது. நரிக்குறவர்கள் அப்போது பட்டியல் பழங்குடியினராகக்கூட வகைப்படுத்தப்படவில்லை. அவர்களைச் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில்தான். ஒரு தாலுகா அலுவலகத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு மாநிலத்தின் முதலமைச்சரே வரவேண்டியிருந்தது.

இந்த இடத்திலிருந்துதான் அமைச்சரவை என்ற அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை புதிய அமைச்சரவைப் பட்டியல் வெளிவரும்போதும், 'தலித்துகள் எத்தனை பேர்?' என்று எண்ணுகிறோம். அந்தக் கேள்வி அவசியம், ஆனால் போதாது. எந்தத் துறை, எந்த வரிசை, யாருடைய விருப்பத்தின் பேரில் என்ற கேள்விகளும் அதனுடன் சேர்ந்தவை.

சட்டம் சொல்வதும் சொல்லாமல் விட்டதும்

அரசமைப்புச் சட்டத்தின் 332ஆவது பிரிவு சட்டமன்றத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடங்களை ஒதுக்குகிறது. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் உரியவை. செங்கல்பட்டு மாவட்டத்தில் செய்யூரும் மதுராந்தகமும் தனித்தொகுதிகள்.

அமைச்சரவையைப் பேசும் 163, 164 ஆகிய பிரிவுகளில் இப்படி எந்த ஒதுக்கீடும் இல்லை. முதலமைச்சரை ஆளுநர் நியமிப்பார். மற்ற அமைச்சர்களை முதலமைச்சரின் ஆலோசனைப்படி நியமிப்பார். அமைச்சரவை பேரவைக்குக் கூட்டுப் பொறுப்புடையது. பேரவை உறுப்பினராக இல்லாதவர் ஆறு மாதத்துக்கு மேல் அமைச்சராக நீடிக்க முடியாது. 2003ஆம் ஆண்டின் 91ஆவது திருத்தம் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு கட்டியது: முதலமைச்சரையும் சேர்த்து, பேரவையின் மொத்த உறுப்பினர்களில் 15 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, 12க்குக் கீழே குறையவும் கூடாது. உத்தரப் பிரதேசத்தில் 1997இல் கல்யாண் சிங் 93 பேரை அமைச்சர்களாக்கிய காலத்தை நினைவில் கொண்டால் இத்திருத்தத்தின் தேவை விளங்கும். தமிழ்நாட்டுக்கு இந்தக் கணக்குப்படி உச்ச வரம்பு 35 பேர்.

164ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், ஒடிசா ஆகிய மாநிலங்களில் பழங்குடியினர் நலனுக்கென ஓர் அமைச்சர் இருந்தே ஆக வேண்டும்; பட்டியல் சாதியினர் நலனையும் அவரிடம் கூடுதலாக ஒப்படைக்கலாம். கவனியுங்கள்: துறை கட்டாயம். அத்துறையை வகிப்பவர் பழங்குடியினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கும் இல்லை.

இது கவனக்குறைவால் விடுபட்ட இடம் அன்று. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆளுநர்களுக்கு வழங்கப்பட்ட அறிவுறுத்தல் பத்திரம், அமைச்சர்களைத் தேர்ந்தெடுக்கையில் முக்கியமான சிறுபான்மைச் சமூகத்தவரையும் இயன்றவரை சேர்க்கச் சொன்னது. 1947இல் அனைத்திந்திய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பாக அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபைக்கு அளித்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற மனு இன்னும் தொலைவு சென்றது. பட்டியல் சாதியினரையும் சிறுபான்மையினராகவே கருதிய அம்மனு, அமைச்சரவையில் இடம்பெறும் சிறுபான்மைப் பிரதிநிதியை முதலமைச்சரோ பிரதமரோ தேர்ந்தெடுக்கக்கூடாது, சட்டமன்றத்திலுள்ள அச்சமூக உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கோரியது. நிர்ணய சபையின் சிறுபான்மையினர் பற்றிய ஆலோசனைக் குழு அதே ஆண்டு ஆகஸ்டில் தந்த அறிக்கையில், அமைச்சரவையில் சட்டப்படியான ஒதுக்கீடு வேண்டாம். பழைய அறிவுறுத்தல் பத்திரத்தை ஒத்த ஒரு மரபை அட்டவணையாகச் சேர்க்கலாம் என்றது. வரைவு அரசமைப்பில் ஆளுநர்களுக்கான அறிவுறுத்தல்கள் ஓர் அட்டவணையாக இடம்பெறவும் செய்தன. 1949 அக்டோபரில் அந்த அட்டவணையும் நீக்கப்பட்டது. ஆக, உரிமை மரபாகச் சுருங்கியது. மரபும் ஏட்டிலிருந்து மறைந்தது. மிஞ்சியது முதலமைச்சரின் விருப்பம்.

சென்னை மாகாணம் விட்டுச்சென்ற பழக்கம்

இந்த வரலாற்றில் செங்கல்பட்டு மண்ணுக்குத் தனி இடம் உண்டு. மதுராந்தகம் அருகிலுள்ள கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துப் பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜாவும் மாகாணச் சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்டோரின் குரலாக ஒலித்தவர்கள். 1932 பூனா ஒப்பந்தத்தில் இருவரும் கையொப்பமிட்டனர். 1937 ஏப்ரலில், தேர்தலில் வென்ற காங்கிரஸ் பதவியேற்க மறுத்தபோது, கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் அமைந்த இடைக்கால அமைச்சரவையில் எம்.சி. ராஜா வளர்ச்சித் துறை அமைச்சரானார். மாகாணத்தின் முதல் தலித் அமைச்சர் பதவியேற்றது பெரும்பான்மையே இல்லாத, மூன்றரை மாதங்களில் முடிந்துபோன ஓர் அரசில். ஜூலையில் ராஜாஜி அமைத்த காங்கிரஸ் அமைச்சரவையில் வி.ஐ. முனுசாமி பிள்ளை இடம்பெற்றார். அன்று முதல் 'ஒருவருக்கு இடம்' என்பது எழுதப்படாத வழக்கமாயிற்று. (2012இல் ப. தனபால் பேரவைத் தலைவரானபோது, அப்பதவியை வகித்த முதல் தலித் அவரே என்று பலர் எழுதினர். 1946 முதல் 1955 வரை அந்த நாற்காலியில் அமர்ந்திருந்த ஜெ. சிவசண்முகம் பிள்ளையை நம் நினைவு எவ்வளவு எளிதில் கைவிட்டுவிட்டது!)

அந்த 'ஒருவர்' என்ன துறையைப் பெற்றார் என்பதில்தான் காலத்துக்குக் காலம் வேறுபாடு தெரிகிறது. 1952இல் ராஜாஜி அமைச்சரவையில் இருந்த தாமோதரம் சஞ்சீவையா 1960இல் ஆந்திரப் பிரதேசத்தின் முதலமைச்சரானார். இந்தியாவின் முதல் தலித் முதலமைச்சர் அவரே. 1954இல் காமராசர் அமைத்த எட்டுப் பேர் கொண்ட அமைச்சரவையில் பி. பரமேஸ்வரனிடம் அரிசன நலத்தோடு இந்து அறநிலையமும் ஒப்படைக்கப்பட்டது. கோயில் நுழைவுக்கே போராட வேண்டியிருந்த சமூகத்தவர் கோயில் நிர்வாகத்தின் அமைச்சரானது சிறிய செய்தியன்று. 1957 முதல் பி. கக்கன் பொதுப்பணி, பின்னர் வேளாண்மை, 1963 முதல் 1967 வரை காவல்துறையை உள்ளடக்கிய உள்துறை ஆகியவற்றை வகித்தார். அரசின் கையிலிருக்கும் மூன்று பெரிய அதிகாரங்களான நீர், நிலம், லத்தி ஆகியவை ஒரு தலித் அமைச்சரின் மேசைக்கு வந்து சென்றன. அவர் அவற்றை எப்படிப் பயன்படுத்தினார் என்பதில் விமர்சனங்கள் உண்டு. 1965 மொழிப்போரின்போது உள்துறை அவரிடமே இருந்தது. ஆனால் அதிகாரம் அவருக்குத் தரப்பட்டது என்பது வரலாறு.

1967க்குப் பின் நிலை மாறியது. அண்ணா தலைமையில் ஒன்பது பேர் கொண்ட அமைச்சரவையில் சத்தியவாணி முத்து இடம்பெற்றார். அரிசன நலமும் செய்தியும் அவர் துறைகள். தாழ்த்தப்பட்டோர் புறக்கணிக்கப்படுவதாகக் கூறி 1974இல் அவர் கட்சியை விட்டு விலகி, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். காவல்துறை பெரும்பாலும் முதலமைச்சர்களின் கைக்கே போயிற்று. தலித் அமைச்சர் என்றால் ஆதிதிராவிடர் நலத்துறை என்ற சமன்பாடு இறுகியது.

மூன்றும் முப்பத்து நான்கும்

2021 மே 7 அன்று பதவியேற்ற அமைச்சரவையை எடுத்துக்கொள்வோம். முதலமைச்சருடன் சேர்த்து 34 பேர். பட்டியல் சாதியினர் மூவர்: தொழிலாளர் நலத்துறைக்கு சி.வெ. கணேசன், சுற்றுலாத்துறைக்கு மா. மதிவேந்தன், ஆதிதிராவிடர் நலத்துறைக்கு என். கயல்விழி செல்வராஜ். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. அந்த அளவில் பார்த்தால் ஏழு பேர் இருந்திருக்க வேண்டும். இருந்தது ஒன்பது விழுக்காட்டுக்கும் குறைவு. பழங்குடியினர் ஒருவரும் இல்லை. அறிவிக்கப்பட்ட வரிசையில் 33ஆம், 34ஆம் இடங்கள் மதிவேந்தனுக்கும் கயல்விழிக்கும் போயின. வரிசை வெறும் சடங்கு என்பார் உண்டு. கட்சியில் மூத்தவர்களை முன்னால் வைப்பது வழக்கம், இவர்கள் புதியவர்கள் என்ற விளக்கமும் சொல்லப்படும். அப்படியானால் அடுத்த கேள்வி எழுகிறது: மூத்த தலித் தலைவர்கள் ஏன் உருவாகவில்லை? தமிழ்நாட்டின் பெரிய கட்சிகளில் அமைச்சர் பதவிக்கான படிக்கட்டு மாவட்டச் செயலாளர் பதவி. தேர்தல் செலவு, வேட்பாளர் பரிந்துரை, ஒப்பந்தங்கள், உள்ளூர்ச் செல்வாக்கு எல்லாம் அந்த நாற்காலியைச் சுற்றியே சுழல்கின்றன. அங்கே தலித்துகள் அரிதாக இருக்கும்வரை அமைச்சரவையின் மேல்வரிசையிலும் அரிதாகத்தான் இருப்பார்கள்.

2024 செப்டம்பர் மாற்றத்தில் கோவி. செழியன் உயர்கல்வி அமைச்சரானார், எண்ணிக்கை நான்கானது. பல்கலைக்கழகங்களையும் அரசுக் கல்லூரிகளையும் உள்ளடக்கிய துறை ஒரு தலித் அமைச்சரிடம் வந்ததை நல்ல அடி என்றே நான் கருதுகிறேன். அதே மாற்றத்தில், 2022 டிசம்பர் முதல் வனத்துறையை வகித்த மதிவேந்தன் ஆதிதிராவிடர் நலத்துறைக்கு மாற்றப்பட்டார். அத்துறையிலிருந்த கயல்விழி மனிதவள மேலாண்மைக்குச் சென்றார். ஒரு தலித் அமைச்சர் போனால் இன்னொரு தலித் அமைச்சர் என்ற அந்தப் பழைய சமன்பாடு மட்டும் அசையவில்லை. ஆதிதிராவிடர் நலத்துறைக்கு ஏன் ஒரு தலித்தையே நியமிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அதில் தவறில்லை, வருவாய்த்துறைக்கும் நிதித்துறைக்கும் அதே தாராளம் காட்டப்படுமானால்.

அண்டை மாநிலத்தைப் பாருங்கள். ஆந்திரத்தில் 2019இல் ஜெகன்மோகன் ரெட்டி ஐந்து துணை முதலமைச்சர்களை நியமித்தார். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், காப்பு சமூகம் என்று ஆளுக்கொருவர். அதில் அலங்காரம் மிகுதி. ஆனால் உள்துறையை மேகதோட்டி சுசரிதா என்ற தலித் பெண்ணிடம் கொடுத்தார். 2024இல் ஆட்சி மாறியபோது சந்திரபாபு நாயுடுவும் அத்துறையை வங்கலபூடி அனிதா என்ற தலித் பெண்ணிடமே ஒப்படைத்தார். பகைக் கட்சிகள் இரண்டும் ஒரே முடிவுக்கு வந்ததற்குக் காரணம் கருணை இல்லை. தலித் வாக்குக்கான போட்டி.

பேரம் என்ற இரண்டாவது வழி

முதலமைச்சரின் விருப்பத்தைத் தவிர அமைச்சரவைக்குள் நுழைய இன்னொரு வழி உண்டு: கூட்டணி. 1952இல் 375 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் காங்கிரஸ் 152 இடங்களே பெற்றது. வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பகுதி வன்னியர்களின் கட்சியான காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜி அமைச்சரவையில் இடம்பெற்றார். உழைப்பாளர் கட்சியின் ராமசாமி படையாட்சி 1954இல் காமராசர் அமைச்சரவையில் சேர்ந்தார். எண்ணிக்கை தேவைப்பட்டது, எண்ணிக்கை கையில் இருந்தவர்கள் பங்கு கேட்டார்கள், கிடைத்தது. அதே அமைச்சரவைகளில் இருந்த தலித் அமைச்சர்கள் காங்கிரஸ் கட்சி தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள். ஒருவர் தம் மக்களின் அமைப்பு பலத்தால் உள்ளே வந்தார், மற்றவர் கட்சித் தலைமையின் முடிவால் வந்தார். இந்த வேறுபாடு முக்கியமானது.

1967 முதல் 2021 வரை அமைந்த அமைச்சரவைகள் அனைத்தும் ஒற்றைக் கட்சியினுடையவை. 2006இல் தி.மு.க. 96 இடங்களோடு, பெரும்பான்மை இல்லாமல் ஆண்டபோதும் காங்கிரசும் பா.ம.க.வும் வெளியிலிருந்தே ஆதரித்தன. இந்தப் பழக்கத்தின் சுமை தலித் கட்சிகள் மீதே அதிகமாக விழுந்தது. 2021இல் விடுதலைச் சிறுத்தைகள் வென்ற நான்கு தொகுதிகளில் இரண்டு இம்மாவட்டத்தவை: தனித்தொகுதியான செய்யூரும், மாமல்லபுரத்தை உள்ளடக்கிய பொதுத்தொகுதியான திருப்போரூரும். தலித் தலைமையிலான கட்சி பொதுத்தொகுதியில் வெல்வது தமிழ்நாட்டுத் தேர்தல் வரலாற்றில் எளிதில் நடப்பதில்லை. அந்த வெற்றி அரசுக்கு ஆதரவானது, அரசில் பங்காகவில்லை. 2024 செப்டம்பரில் ஆட்சியிலும் அதிகாரத்திலும் பங்கு என்ற தொல். திருமாவளவனின் பேச்சு சமூக ஊடகத்தில் வெளியானபோது எழுந்த சலசலப்பை நினைத்துப் பாருங்கள். அரசமைப்பு எங்கும் தடை செய்யாத ஒரு கோரிக்கை, கூட்டணி ஒழுக்கத்தை மீறிய செயல்போலப் பேசப்பட்டது.

பஞ்சமி நிலம் யார் மேசையில்?

துறை ஏன் முக்கியம் என்பதற்கு இம்மாவட்டத்தை விட நல்ல சான்று வேறில்லை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலைமை பற்றி அனுப்பிய அறிக்கையே, 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒப்படைக்கும் அரசாணைக்கு வழி செய்தது. முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் கைமாற்றக்கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் இப்படி வழங்கப்பட்டதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. நூறாண்டுகளில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனது. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தனர்.

இந்த நிலங்களின் பதிவேடு, வகைமாற்றம், ஆக்கிரமிப்பு அகற்றம் எல்லாம் வருவாய்த்துறையின் அதிகாரம். நிபந்தனையை மீறிய கிரயப் பத்திரத்தைப் பதிவது பதிவுத்துறை. சுட்டது உள்துறை. ஆதிதிராவிடர் நலத்துறை அமைச்சர் எவ்வளவு அக்கறையுள்ளவராக இருந்தாலும், இம்மூன்று துறைகளுக்கும் அவர் கடிதம் எழுதலாம், ஆணையிட முடியாது. அவர் கையிலிருப்பவை விடுதிகள், பள்ளிகள், உதவித்தொகை, தாட்கோ கடன் போன்றவை. அவை சிறியவை அல்ல. ஆனால் உடைமை உறவை மாற்றுபவையும் அல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சென்ட் நிலம் என்ன விலை போகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

யாருக்கு எந்தத் துறை, எந்தத் துறையில் எந்தப் பொருள் என்பதை 166(3)ஆவது பிரிவின் கீழான அலுவல் விதிகள் தீர்மானிக்கின்றன. செலவு உண்டாக்கும் ஆணைக்கு நிதித்துறையின் இசைவு தேவை. பட்டியல் சாதியினர் துணைத்திட்ட நிதி செலவாகாமல் திரும்புவது பற்றியும் பொதுத் திட்டங்களுக்குத் திருப்பப்படுவது பற்றியும் பல ஆண்டுகளாக நாம் பேசிவருகிறோம். அந்நிதிக்கான சட்டத்தை ஆந்திரம் 2013இலேயே இயற்றிவிட்டது. தமிழ்நாடு 2024இல்தான் இயற்றியது. அச்சட்டம் செயல்படுவதும் நிதித்துறையின் ஒத்துழைப்பைப் பொறுத்ததே.

இன்னொன்று, மாணவர்கள் பலர் அறியாதது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995இன் 16ஆவது விதி மாநில அளவிலான கண்காணிப்புக் குழுவுக்கு முதலமைச்சரையே தலைவராக்குகிறது. உள்துறை அமைச்சர், நிதி அமைச்சர், ஆதிதிராவிடர் நல அமைச்சர், மாநிலத்தின் பட்டியல் சாதி, பழங்குடிச் சட்டமன்ற உறுப்பினர்கள் ஆகியோர் உறுப்பினர்கள். ஜனவரியிலும் ஜூலையிலுமாக ஆண்டுக்கு இருமுறையாவது அது கூட வேண்டும். காவல்துறையை முதலமைச்சரே வைத்திருக்கும் மாநிலத்தில், கேள்வி கேட்கவேண்டிய தலைவரும் பதில் சொல்லவேண்டிய உள்துறை அமைச்சரும் ஒருவரே ஆகிவிடுகிறார். தனித்தனி ஆட்களாக இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. ஆனால் அந்த மேசையின் எதிர்ப்பக்கத்தில் ஒருவர் அமர்ந்திருப்பதை எதிர்பார்த்தே அது எழுதப்பட்டிருக்கிறது.

17ஆவது விதி மாவட்டக் குழுவைப் பேசுகிறது. ஆட்சியர் தலைவர்; மாவட்டத்தின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் எல்லோரும் உறுப்பினர்கள்; மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட்டம். செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று உருவானது. அன்று முதல் இக்குழு எத்தனை முறை கூடியது, எந்தெந்தச் சட்டமன்ற உறுப்பினர்கள் வந்தார்கள், பஞ்சமி நிலத் தகராறுகளிலிருந்து பிறந்த வன்கொடுமை வழக்குகள் எத்தனை முறை நிகழ்ச்சி நிரலில் இடம்பெற்றன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் எவரும் கேட்கலாம். விண்ணப்பத்தை ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். மாநிலக் குழுவின் கூட்டக் குறிப்புகளுக்குத் தலைமைச் செயலகத்தின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறைப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தனி விண்ணப்பம் அனுப்ப வேண்டும். முப்பது நாட்களில் பதில் வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் செல்லலாம்.